சாக்குத் துணியில் ஒரு கேள்வி

நாற்பது வருஷமாக நெல், அரிசி வியாபாரம் செய்து, கோணிச் சாக்கோடு பழகியவன் நான். உலகப் புகழ் பெற்ற ஓவியம் ஒன்று அந்தச் சாக்குத் துணியிலேயே தீட்டப்பட்டது என்றால் நம்மில் பலர் நம்பமாட்டோம்.

பிரெஞ்சு ஓவியர் பால் கோகன், 1888 அக்டோபரில் ஆர்ல் நகருக்கு வந்து வான்கோவுடன் தங்கினார். வந்த கையோடு 20 மீட்டர் முரட்டுச் சணல் துணி வாங்கினார். இருவரும் அதை வெட்டி வெட்டிப் படம் வரைந்தார்கள். அந்நாளில் உலகச் சணலில் பெரும்பகுதி வங்காளத்தில் விளைந்தது. ஆகவே அந்த நார் நம்ம நாட்டு மண்ணில் விளைந்ததாகவே இருக்கக்கூடும்.

துணி மாறினால் படம் மாறுமா? மாறும். மெல்லிய லினன் துணியில் தூரிகை வழுக்கிக்கொண்டு போகும், நுணுக்கம் வரும். சாக்கில் அது நடக்காதுங்க. இழை பருமன், எண்ணெயை உறிஞ்சிவிடும். பளபளப்புப் போய், பழைய சுவரோவியத்தின் மங்கலும் அமைதியும் வந்து சேரும்.

1897-ல் தாஹித்தித் தீவில் இருந்த கோகனுக்கு மகள் அலீன் இறந்த செய்தி வந்தது. நோயும் கடனும் வேறு. அந்நிலையில், 1897-98-ல் அவர் தீட்டியதுதான் 'நாம் எங்கிருந்து வருகிறோம்? நாம் யார்? எங்கே போகிறோம்?' என்ற படம். உயரம் 139 செ.மீ.; நீளம் ஏறக்குறைய 375 செ.மீ. முடிச்சும் சுருக்கமும் நிறைந்த சாக்குத் துணி என்று அவரே நண்பருக்கு எழுதினார். வலப்புறம் குழந்தை, நடுவில் கனி பறிப்பவர், இடக்கோடியில் சாவை எதிர்நோக்கும் கிழவி. உயிர் நான்கு கதிகளில் சுழல்வதைக் கேட்டு வளர்ந்த சமணனான எனக்கு அக்கேள்வி அந்நியமல்ல. மேல் மூலைகள் இரண்டையும், சுவரோவியம் சிதைந்தாற்போல மஞ்சளாக விட்டார். படம் இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலில், சுண்ணாம்புக் காரைமேல் தீட்டிய தாமரைக் குளம் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அக்குகைக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. கோகன் வேண்டுமென்றே வரவழைத்த சிதைவை அங்கே காலமும் மனிதர் கையும் உண்மையாகவே செய்துவிட்டன. சாக்கைக் காக்க ஒரு நகரம் முன்வந்தது. நம்ம சுவரைக் காக்க வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். தொடாமல் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.