6 தோட்டாவும் 15 தோட்டாவும்: காவலர் கைத்துப்பாக்கியின் கதை



படிவம் 4, 5 பிள்ளைகளிடம் துப்பாக்கிப் பெயர் கேட்டுப் பாருங்கள். கைப்பேசி விளையாட்டு புண்ணியத்தில் மூச்சுவிடாமல் பத்துப் பெயர் சொல்வார்கள். அதே பிள்ளைகளிடம், ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காக 1949-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர் யார் என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். இந்த இடைவெளியை நிரப்ப உதவும் என்றுதான் இந்தக் கட்டுரை. கருவியின் வரலாற்றில் தொடங்கி மனிதர்களின் வரலாற்றுக்கு வருவோம். ஆர்வம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதானே பாடத்தைத் தொடங்க முடியும்?

முதலில் சொற்கள்

தமிழில் ‘துப்பாக்கி’ என்பதே துருக்கி மொழி வழியாக வந்த சொல். பீரங்கி, தோட்டா இரண்டும் அப்படிப் பிற மொழிகளிலிருந்து வந்தவைதான். கைத்துப்பாக்கி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை அடங்கும். ஒன்று ரிவால்வர், அதாவது சுழல் துப்பாக்கி. உருளையில் பெரும்பாலும் 6 அறைகள் இருக்கும். விசையை இழுக்க இழுக்க உருளை சுழன்று அடுத்த தோட்டாவைக் கொண்டுவரும். மற்றொன்று பிஸ்டல். கைப்பிடிக்குள் செருகும் பெட்டியில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும். ஒரு தோட்டா வெடிக்கும்போது எழும் விசையே காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றும். பத்திரிகைச் செய்திகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்கலாம்.

பர்மிங்ஹாமிலிருந்து வந்தது

1896-இல் கூட்டு மலாய் மாநிலங்கள் அமைந்தபோது அவற்றுக்கான ஒரே காவல் படையும் உருவானது. கோலாலம்பூர் அதன் தலைமையிடம். அக்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சி நடந்த இடமெல்லாம் அதிகாரியின் இடுப்பில் தொங்கியது வெப்லி. பர்மிங்ஹாம் நகரில் செய்த சுழல் துப்பாக்கி. .455 அங்குலக் குண்டு. கனமானது, கையை உதைக்கும். முதல் உலகப் போரில் அவசரமாகச் சேர்த்த ஆட்களுக்கு அதைப் பழக்குவது பெரும்பாடாகிவிட்டது. அதனால் போருக்குப் பின் பிரிட்டன் .38 அளவுக்கு இறங்கியது. 1932-இல் என்ஃபீல்டு எண் 2 இராணுவத்துக்கு வந்தது. வெப்லி நிறுவனமும் அதே அளவில் மார்க் 4 செய்தது. சிங்கப்பூர் காவல் துறைக்குப் போன வெப்லிகளில் ஒரு தனி அம்சம் உண்டு: பாதுகாப்புத் தாழ். சுழல் துப்பாக்கியில் அது அபூர்வம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் தொழிற்சாலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அமெரிக்காவின் ஸ்மித் & வெஸ்ஸன் நிறுவனம் அதே .38 தோட்டாவுக்கு ஏற்ற சுழல் துப்பாக்கிகளை இலட்சக்கணக்கில் செய்து அனுப்பியது. போருக்குப் பிந்திய மலேசியாவிலும் ஸ்மித் & வெஸ்ஸன் .38 காவலரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. காரணம் எளிது. தோட்டா ஈரம் பட்டு வெடிக்காமல் போனால், விசையை மறுபடி இழுத்தால் போதும்; அடுத்தது வந்துவிடும். நம்ம ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் அது பொருத்தமாக இருந்தது.

போலந்திலிருந்து ஓர் ஒப்பீடு

இங்கே கொஞ்சம் நாடு தாண்டிப் போவோம். 1918-இல் போலந்து விடுதலை பெற்றபோது அதன் படைவீரர்களின் கையில் இருந்தது ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா என மூன்று பேரரசுகள் விட்டுப்போன துப்பாக்கிகள். ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே சொந்தமாகச் செய்வது என்று முடிவெடுத்தார்கள். வில்னியெவ்சிட்ஸ், ஸ்க்ஷிபின்ஸ்கி என்ற இரு பொறியாளர்கள் வடிவமைத்த பிஸ்டலை, ராடோம் நகரத் தொழிற்சாலை 1935 முதல் செய்தது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்திலிருந்து பிறந்த பெயரை ‘விஸ்’ என்று மாற்றினார்கள். இலத்தீனில் அதற்கு ‘வலிமை’ என்று பொருள். 9 மி.மீ. அளவு, 8 தோட்டா.

1939-இல் ஜெர்மனி போலந்தைப் பிடித்ததும் அந்தத் தொழிற்சாலையும் கைமாறியது. போலந்துத் தொழிலாளர்களே எதிரிப் படைக்கு விஸ் செய்ய வேண்டிய நிலை. பாகங்களைக் கடத்தி எதிர்ப்பு இயக்கத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகக் குழலை மட்டும் ஆஸ்திரியாவில் செய்ய வைத்தார்கள். போருக்குப் பின் சோவியத் செல்வாக்கில் அதே ராடோம் ஆலை ரஷ்ய டோக்கரெவ் பிஸ்டலைச் செய்தது. அடுத்து பி-64, பி-83 என்று சொந்த வடிவங்கள் வந்தாலும், தோட்டா சோவியத் அளவுதான். 1990-களில் மறுபடி மேற்கத்திய 9 மி.மீ. அளவுக்குத் திரும்பினார்கள். அண்மையில் போலந்து இராணுவத்துக்கு வந்த புதிய பிஸ்டலுக்கு மறுபடியும் ‘விஸ்’ என்றே பெயர், விஸ் 100.

கவனியுங்கள்: அந்த நாட்டை யார் ஆண்டார்கள் என்பதை அந்நாட்டு பிஸ்டலின் தோட்டா அளவே சொல்லிவிடுகிறது. நம் நாட்டிலும் இதே நிலைதான். வெப்லியும் .38-உம் பிரிட்டிஷ் ஆட்சியின் முத்திரைகள். விடுதலைக்குப் பின் நம் இராணுவம் பயன்படுத்திய பிரௌனிங் ஹை-பவர்கூட காமன்வெல்த் படைகள் பலவற்றில் இருந்ததுதான். அமெரிக்கரான ஜான் பிரௌனிங் தொடங்கி, அவர் 1926-இல் இறந்தபின் பெல்ஜியத்தின் செவ் முடித்த வடிவம் அது. விஸ்ஸைப் போலவே அதுவும் 1935-ஆம் ஆண்டுக் குழந்தை. ஆனால் 13 தோட்டா பிடிக்கும். அந்தக் காலத்துக்கு அது பெரிய எண்ணிக்கை.

ஒரு துப்பாக்கி, ஓர் உயிர்

இனி நம் கதைக்கு வருவோம்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் காட்டிலிருந்து போராடிய படைக்கு பிரிட்டனே ஆயுதம் கொடுத்தது. 1945 இறுதியில் அந்தப் படை கலைந்தபோது ஆயுதங்கள் எல்லாமும் திரும்பி வரவில்லை. ஒரு பகுதி காட்டிலேயே புதைக்கப்பட்டது. 1948 ஜூன் 16-ஆம் தேதி பேராக், சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அனுமதியின்றிச் சுடும் ஆயுதம் ஏந்தினால் மரண தண்டனை என்ற விதியும் வந்தது. சுட்டாரா, யாரையாவது காயப்படுத்தினாரா என்ற கேள்வியே இல்லை; ஏந்தியிருந்தாலே போதும்.

எஸ். ஏ. கணபதி தஞ்சை வட்டாரத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பின் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துருப்புகள் சுட்டு ஐந்து பேர் இறந்ததை நினைவில் வைத்துப் பாருங்கள். அந்தத் தொழிலாளர்களின் குரல், போருக்குப் பின் ஓர் அமைப்பாகத் திரண்ட இடங்களில் ஒன்று இந்தச் சம்மேளனம். 1948-இல் அதைத் தடை செய்தார்கள்.

1949 மார்ச் தொடக்கத்தில் ரவாங் அருகே கணபதி கைதானார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது ஒரு கைத்துப்பாக்கி, 6 தோட்டாக்கள். வழியில் கிடந்ததைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தார் என்றது அவர் தரப்பு. மார்ச் 15-ஆம் தேதி தீர்ப்பு: தூக்கு. இந்திய அரசாங்கம் தண்டனையைக் குறைக்கக் கேட்டுக்கொண்டது. வெளிநாட்டுத் தொழிற்சங்கங்களும் குரல் கொடுத்தன. பயனில்லை. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தண்டனை நிறைவேறியது. அதற்கு முந்திய நாள்தான் அவருடைய சகத் தலைவர் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இன்னொரு துப்பாக்கி, தப்பிய உயிர்

அதே காலத்தில் ஜோகூரில் இன்னொரு தமிழர், சாம்பசிவம். அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: சுழல் துப்பாக்கி ஏந்தியது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. நீதிபதியோடு அமர்ந்த துணை மதிப்பீட்டாளர்கள் இரண்டிலுமே அவர் குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதி தோட்டா விஷயத்தில் அதை ஏற்று விடுவித்தார். துப்பாக்கி விஷயத்தில் ஏற்காமல் மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாம் விசாரணையில் மரண தண்டனை கிடைத்தது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இரண்டாம் விசாரணையில் அரசுத் தரப்பு நம்பியிருந்தது சாம்பசிவத்தின் வாக்குமூலம் என்ற ஓர் ஆவணத்தை. அதில் துப்பாக்கியோடு தோட்டாக்களும் தம்மிடம் இருந்ததாகச் சொல்லியிருந்தது. ஆனால் தோட்டா விஷயத்தில்தான் அவர் ஏற்கெனவே விடுதலையாகிவிட்டாரே! ஒருவரை விடுதலை செய்த தீர்ப்பு அந்த விஷயத்தில் இறுதியானது. அதற்கு மாறான ஒன்றை மறுபடி அவர்மேல் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்று 1950-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. தண்டனை இரத்தானது.

அந்தத் தீர்ப்பு அத்தோடு நிற்கவில்லை. 1956-இல் இந்திய உச்ச நீதிமன்றம் பிரீத்தம் சிங் வழக்கில் அதைப் பின்பற்றியது. இன்றும் காமன்வெல்த் நாடுகளின் சட்ட மாணவர்கள் ‘சாம்பசிவம்’ என்ற பெயரைப் படிக்கிறார்கள். அது ஒரு தமிழர் பெயர் என்பதுகூட நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, இல்லீங்களா?

இந்தப் பாடத்தைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்க வேண்டாம். 1950 பிப்ரவரி 23-இல் புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தில் காவலர்களும் அவர்கள் குடும்பத்தாரும் உயிர்விட்டார்கள். அவசரகாலத்தில் இரு பக்கமும் இரத்தம் சிந்தியது. கணபதியைத் தியாகி என்பவர்களும் உண்டு, கிளர்ச்சிக்காரர் என்பவர்களும் உண்டு. மாணவர் யார் பக்கம் நின்றாலும் சரி, காரணம் காட்டிப் பேசப் பழக வேண்டும்.

இன்றைய நிலை

சுழல் துப்பாக்கியின் காலம் மெல்ல முடிந்தது. நம் காவல் படைக்கு ஜெர்மனியின் வால்தர் பி99 வந்தது. 1990-களின் பிற்பகுதியில் அறிமுகமான பிஸ்டல் இது. உடல் நெகிழியாலானது, எடை குறைவு, துருப்பிடிக்காது, 15 தோட்டா பிடிக்கும். போலந்துக் காவல் துறையும் இதையே எடுத்துக்கொண்டது. அவர்கள் உரிமம் வாங்கி, பழைய விஸ் பிறந்த அதே ராடோமில் செய்தார்கள். நம் சிலாங்கூரிலும் பத்து ஆராங்கில் ஆயுதத் தொழிற்சாலை உண்டு. தோட்டாவும், உரிமம் பெற்று ஆஸ்திரிய ஸ்டையர் துப்பாக்கியும் செய்த இடம் அது.

சட்டமும் மாறிவந்தது. 1960-இல் ஆயுதச் சட்டம், 1971-இல் தண்டனையைக் கடுமையாக்கும் சுடும் ஆயுதச் சட்டம், பாதுகாப்புப் பகுதியில் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் என்று வரிசையாக வந்தன. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. 2023-இல் கட்டாய மரண தண்டனையே ஒழிந்தது. இன்று நீதிபதி வழக்கின் தன்மையைப் பார்த்துத் தண்டனையை முடிவு செய்யலாம். கணபதிக்கு அந்த வாய்ப்பைச் சட்டம் தரவில்லை.

வகுப்பறைக்கு

1. காலக்கோடு: 1896, 1932, 1935, 1948, 1949, 1950, 1971, 2023 ஆகிய ஆண்டுகளைக் கொடுத்து, மேலே கருவியின் மாற்றத்தையும் கீழே சட்டத்தின் மாற்றத்தையும் மாணவர்கள் எழுதட்டும்.

2. வாதக் கட்டுரை: ‘ஆயுதம் வைத்திருந்ததற்கே மரண தண்டனை விதித்தது அக்காலச் சூழலுக்குச் சரியே’. ஒட்டியும் வெட்டியும் எழுதச் சொல்லுங்கள்.

3. களப்பயணம்: ஏரிப் பூங்கா அருகில் உள்ள அரச மலேசியக் காவல் படை அருங்காட்சியகம் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிப் பள்ளிகளுக்குப் பக்கம்தான். அங்கிருந்து புடுவுக்கும் போகலாம். சிறை இடிக்கப்பட்டு, அதன் இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. பழைய நுழைவாயில் மட்டும் மிச்சம். அதன் முன்னால் நின்று கணபதியின் பெயரை ஒரு முறை சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். மீதிப் பாடத்தை அந்தக் கேள்விகளிலிருந்தே நடத்திவிடலாம்.