காப்பீட்டுச் சந்தையும் மாநில அரசியலும்: அமெரிக்கா தரும் பாடம்

அமெரிக்காவில் ஓர் ஏழைக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்குமா என்பதை அவரது வருமானம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் வாழும் மாநிலமும் தீர்மானிக்கிறது. மாநில உரிமைக்காகக் குரல் கொடுக்கும் நாம் இந்த அனுபவத்தைக் கூர்ந்து கற்க வேண்டும்.

சட்டமும் தீர்ப்பும்

ஒபாமா ஆட்சியில் 2010இல் இயற்றப்பட்ட சட்டம் இரு வழிகளை வகுத்தது. வறுமைக் கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானமுள்ளோருக்கு மெடிக்கெய்ட் என்னும் அரசுக் காப்பீடு. அதற்கு மேற்பட்டோர் மானியத்துடன் தனியார் காப்பீடு வாங்க ஓர் இணையச் சந்தை. மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கும் என்றே சட்டம் கருதியது. ஆனால் 2012இல் உச்ச நீதிமன்றம் அதனை மாநிலங்களின் விருப்பத்திற்கு விட்டது. சந்தை மானியமோ பொதுவாக வறுமைக் கோட்டிலிருந்தே தொடங்குகிறது. எனவே, மறுத்த மாநிலங்கள் பலவற்றில் கோட்டிற்குச் சற்று மேலே இருப்பவருக்கு மானியம் உண்டு. கீழே இருப்பவர் பலருக்கு இரண்டுமே இல்லை.

ஆட்சி மாறினால் சந்தையும் மாறும்

கென்டக்கியில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் ஸ்டீவ் பெஷியர், ‘கனெக்ட்’ என்னும் மாநிலச் சந்தையை உருவாக்கி, மெடிக்கெய்டையும் விரிவாக்கினார். 2015இல் வென்ற குடியரசுக் கட்சியின் மேட் பெவின் அச்சந்தையைக் கலைத்தார். 2019இல் வென்ற ஆன்டி பெஷியர் 2021இல் அதனை மீட்டார். ஜார்ஜியாவோ 2024இல் சொந்தச் சந்தையைத் திறந்தது. முழு விரிவாக்கத்தை மட்டும் ஏற்கவில்லை. மாதம் 80 மணிநேர வேலை, படிப்பு போன்றவற்றுக்குச் சான்று காட்டுவோருக்கே அங்கு மெடிக்கெய்டின் கதவு சற்றுத் திறக்கிறது.

விலக்கப்பட்டோர் யார்?

விரிவாக்கத்தை ஏற்காத 10 மாநிலங்களுள் டெக்சாஸ், புளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா, டென்னசி ஆகிய 7 மாநிலங்கள், அடிமைமுறையைக் காக்க உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்றவை. விரிவாக்கச் செலவில் 90 விழுக்காட்டை ஒன்றிய அரசே ஏற்கும் நிலையிலும் அவை மறுக்கின்றன. காப்பீடின்றி விடுபட்டோரில் கறுப்பின மக்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிகுதி. விரிவாக்கத்தின் தகுதி விதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை; விளைவில் இருக்கிறது.

நமக்கான பாடம்

மாநில அதிகாரம் கென்டக்கியில் கதவைத் திறந்தது, தெற்கில் அடைத்தது. ஆகவே அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதோடு நம் கேள்வி முடியக் கூடாது. எதனை எவரும் பறிக்க இயலாது என்றும் கேட்க வேண்டும். தீண்டாமை ஒழிப்பை நம் அரசமைப்பின் 17ஆம் கூறு எந்த மாநிலத்தின் விருப்பத்திற்கும் விட்டுவைக்கவில்லை. மருத்துவ உரிமைக்கும் அத்தகைய அடித்தளமே தேவை. அதற்கு மேல் எவ்வளவு கட்டுவது என்பதில் மாநிலங்கள் போட்டியிடட்டும்.