குப்பியில் அடைத்த தூய்மை: எஞ்சின் கசடும் பெங்களூரும்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில், ஹெண்ணூர் சாலையை ஒட்டிய உதிரிபாகக் கடைகளில், பெட்ரோல் டேங்கில் ஊற்றுவதற்கான சிறு குப்பிகள் விற்கப்படுகின்றன. ஊற்றினால் எஞ்சினின் உட்புறம் சுத்தமாகும், இழுவை கூடும், மைலேஜ் உயரும் என்பது விற்பவர் வாக்கு. எல்லாம் ஏமாற்று என்பது பழைய மெக்கானிக்குகளின் தீர்ப்பு. இரண்டில் எது சரி என்று கேட்பவர்கள், அந்தக் கசடு எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அதைக் கேட்கத் தொடங்கினால் நூறாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எதில் ஈயத்தைச் சிறிதளவு சேர்த்தால் எஞ்சினின் ‘நாக்கிங்’ அடங்குவதைக் கண்டறிந்தார். 1923இல் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எரிந்த ஈயமோ ஸ்பார்க் பிளக்கிலும் வால்விலும் ஆக்சைடாகப் படிந்து எஞ்சினைக் கெடுத்தது. அதை வெளியேற்ற எத்திலீன் டைபுரோமைடு என்ற இன்னொரு சேர்மம் கலக்கப்பட்டது. ஒரு சேர்மானம் உண்டாக்கிய அழுக்கைக் களைய மற்றொரு சேர்மானம்! ஈயம் புரோமைடாக மாறி, சைலன்சர் வழியே தெருவுக்கு வந்தது. எஞ்சின் சுத்தமானது, மூச்சுக்காற்று அழுக்கானது.

இந்தியா இதை உணர்ந்து செயல்பட வெகுகாலம் ஆயிற்று. 1994இல் ஈய அளவு லிட்டருக்கு 0.15 கிராமாகக் குறைக்கப்பட்டபோது டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களே முதலில் பயன்பெற்றன. பெங்களூர் அப்பட்டியலில் இல்லை. 1990களின் இறுதியில் பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் பவுண்டேஷன், பெங்களூர், சென்னை, வேலூர் உள்ளிட்ட ஏழு நகரங்களில் இரத்தப் பரிசோதனை நடத்தியது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில், டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அன்றைய எச்சரிக்கை அளவைத் தாண்டிய ஈயம் இருந்தது. ஈயம் பெட்ரோலிலிருந்து மட்டும் வருவதன்று. பெயின்டும் பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறைகளும் பங்களிப்பவையே. ஆயினும் பெட்ரோல் ஈயம் எல்லாத் தெருவுக்கும் பொதுவானது. 1999 பிப்ரவரியில் பெங்களூரில் ஈய நச்சு குறித்த பன்னாட்டு மாநாடு கூடியது. அடுத்த ஆண்டு, 2000 பிப்ரவரி 1 முதல், நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் நடைமுறைக்கு வந்தது.

மெக்கானிக்குகளின் அவநம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவர்கள் தொழில் கற்ற காலம் இரு வீச்சு எஞ்சின்களின் காலம். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிந்ததால், பிஸ்டன் தலையிலும் சைலன்சரிலும் கரி கெட்டியாக அப்பிக்கொள்ளும். ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவதும், சைலன்சரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பதும்தான் அதற்கு மருந்து. அந்தக் கரியைக் கரைக்க எந்தக் குப்பியாலும் இயலாது என்ற அவர்களது தீர்ப்பு, அந்த எஞ்சினைப் பொறுத்தவரை மிகச் சரியானது.

எஞ்சின்தான் மாறிவிட்டது. கார்புரேட்டரின் இடத்தை இன்ஜெக்டர் பிடித்தது. அதன் நுண்துளைகளைச் சிறு படிவும் அடைத்துவிடும். 1980களில் அமெரிக்காவில் இது பெருஞ்சிக்கலானபோது பாலியீதர் அமீன் வகைத் தூய்மிகள் பரவின. இம்மூலக்கூறின் அமீன் முனை படிவைப் பற்றிக்கொள்ளும். எஞ்சிய நீண்ட வால் பெட்ரோலில் கரைந்து அதை இழுத்துச் செல்லும். 1995 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் பெட்ரோலிலும் தூய்மி கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரத் தூய்மி கலந்த பெட்ரோலை ஒப்பிட, குறைந்தபட்ச அளவே கலந்தது சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவை உட்கொள் வால்வுகளில் விட்டது.

ஆக, தக்க சேர்மம் போதிய அளவில் இருந்தால் குப்பி வேலை செய்யும், படிவு இருக்குமிடத்தில். படிவில்லாத எஞ்சினில் அதற்கு வேலையில்லை. தேய்ந்த பிஸ்டன் ரிங்கை அது சீராக்காது. சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் புதிய எஞ்சின்களிலோ, பெட்ரோல் உட்கொள் வால்வைத் தொடுவதே இல்லை. தொடாத இடத்தை எப்படிக் கழுவும்?

இந்தியாவில் 2002இல் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் ஸ்பீட், பவர், எக்ஸ்ட்ரா பிரீமியம் என்ற பெயர்களில் தூய்மி கலந்த பெட்ரோலைச் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கின. ஆனால் அக்காலத்து வண்டியோட்டியின் கவலை வேறு. மானிய மண்ணெண்ணெய் மலிவு, பெட்ரோல் விலை அதிகம். இடைவெளியில் கலப்படம் கொழித்தது. மண்ணெண்ணெய் பெட்ரோல் எஞ்சினில் முழுமையாக எரியாமல் கரியாகப் படியும், எஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும். கலப்படத்தைத் தடுப்பதன் விலை என்னவென்பதை, கோலார் தங்கவயலைச் சேர்ந்த மஞ்சுநாத் சண்முகத்தின் முடிவு காட்டிற்று. இந்தியன் ஆயில் நிறுவன அதிகாரியான அவர், உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படப் பங்க் ஒன்றின் மீது நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 27. பங்க் உரிமையாளரின் மகன் உள்ளிட்டோருக்கான ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015இல் உறுதிசெய்தது. கசட்டை அதன் ஊற்றுக்கண்ணிலேயே நிறுத்த முயன்றவர் அவர். குப்பியோ, கசடு உள்ளே வந்தபின் வாகனச் சொந்தக்காரரின் செலவில் தொடங்குவது.

2023 பிப்ரவரி 6 அன்று, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பெங்களூரில்தான் அறிமுகம் செய்யப்பட்டது. அதைத் தொடர்ந்து, ‘எத்தனால் பாதுகாப்பு’ என்ற அடைமொழியுடன் புதிய குப்பிகள் சந்தைக்கு வந்துள்ளன. எத்தனாலால் பழைய வண்டிகளுக்கு நேரக்கூடியவை ஈரம் ஈர்ப்பு, உலோக அரிப்பு, ரப்பர்க் குழாய்ச் சிதைவு ஆகியன. இவற்றுள் எதுவும் கரிப்படிவு வகையைச் சேர்ந்ததன்று. தூய்மியின் அமீன் முனை பற்றிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை.