அயல்நாட்டுக் காமிக்ஸ் பதிப்புகள்: சேகரிப்பும் மதிப்பீடும்

ஒரு சித்திரக்கதை முதலில் வெளியான நாட்டைத் தவிர மற்ற நாடுகளில் விற்பதற்கென்று அச்சான இதழ்களும் நூல்களும் அயல்நாட்டுப் பதிப்புகள் எனப்படும். சேகரிப்பாளர்கள் இவற்றை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். மூல அச்சகத்திலேயே விலையை மட்டும் மாற்றி அச்சிட்டவை முதல் வகை. உரிமம் பெற்று உள்ளூரில் மறுபடி அச்சிட்டவையும் மொழிபெயர்த்தவையும் இரண்டாம் வகை. உள்ளூர் ஓவியர்கள் புதிய கதைகளையோ பக்கங்களையோ சேர்த்தவை மூன்றாம் வகை. ஒரு பிரதிக்கு என்ன விலை தகும் என்று கேட்பதற்கு முன் அது எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு வகைகளுக்கும் பிரிட்டனே சிறந்த சான்று. இரண்டாம் உலகப் போரை ஒட்டி டாலர் தட்டுப்பாடு ஏற்பட்டதால் அமெரிக்க இதழ்களின் இறக்குமதியை அந்நாடு கட்டுப்படுத்தியது. அந்த இடைவெளியை உள்ளூர் மறுபதிப்புகள் நிரப்பின. எல். மில்லர் நிறுவனம் அமெரிக்கப் பதிப்பாளரான ஃபாசெட்டின் கேப்டன் மார்வெல் கதைகளை வெளியிட்டு வந்தது. பதிப்புரிமை வழக்கு காரணமாக ஃபாசெட் அந்தக் கதைகளை நிறுத்தியதும் பிரிட்டனுக்குச் சரக்கு வருவது நின்றது. மில்லர், மிக் ஆங்லோ என்பவரைக் கொண்டு மார்வெல்மேன் என்ற நாயகனை உருவாக்கி, 1954 பிப்ரவரியில் அதே வரிசையின் 25-ஆம் எண்ணாகவே வெளியிட்டார். 24-ஆம் எண்ணையும் 25-ஆம் எண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு, ஒரு மறுபதிப்பு வரிசை தனக்கென ஒரு நாயகனைப் பெற்ற தருணம் கண்ணெதிரே தெரியும். சித்திரக்கதை வரலாற்றில் இதற்கு இணையான ஆவணங்கள் மிகச் சில.

1959-இல் இறக்குமதித் தடை தளர்ந்தது. லெஸ்டர் நகரின் தார்ப் அண்ட் போர்ட்டர் நிறுவனம் அமெரிக்க இதழ்களை நேரடியாக வரவழைக்கத் தொடங்கியது. மார்வெல் இதழ்களுக்கு 1960 முதல் அமெரிக்க அச்சகத்திலேயே பிரிட்டனுக்கென ஒரு பங்கு தனியாக ஓட்டப்பட்டது. அட்டையின் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினார்கள். ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962-இன் அமேசிங் ஃபேண்டசி 15-ஆம் இதழில், அமெரிக்கப் பிரதியின் அட்டையில் 12 சென்ட் என்று இருக்கும் இடத்தில் பிரிட்டிஷ் பிரதியில் 9 பென்ஸ் என்று இருக்கும். சரக்கு கப்பலில் போய்ச் சேரத் தாமதமாகும் என்பதால் சில இதழ்களின் அட்டையில் மாதப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே கதையும் வண்ணமும் அதேதான். எனவே பென்ஸ் பிரதிகள் முதல் அச்சைச் சேர்ந்தவை. அவற்றை மறுபதிப்பு என்று விலைப்பட்டியலில் எழுதுவது பிழை.

டிசி இதழ்களின் கதை வேறு. 1960-களில் அவை சென்ட் விலையோடு வந்து இறங்கின. விநியோகிப்பாளர் ரப்பர் முத்திரையால் பென்ஸ் விலையை அட்டையில் குத்தினார். இந்த முத்திரைப் பிரதிகள் அமெரிக்கப் பிரதிகளே. மை படிந்த அட்டையைச் சிலர் குறையாகக் கருதுகிறார்கள், ஆனால் அந்த இதழ் எந்த விநியோகிப்பாளர் வழியாகப் போனது என்பதற்கு அதுவே சாட்சி. 1971 பிப்ரவரி 15-இல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது. ஷில்லிங்கில் விலை போட்ட அட்டை அதற்கு முந்தையது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

பென்ஸ் பிரதிகள் குறைந்த அளவில் அச்சானவை. ஆயினும் சந்தையில் அவை நெடுங்காலம் சென்ட் பிரதிகளைவிடக் குறைந்த விலைக்கே போயின. வாங்குவோரில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள் என்பதே இதற்குக் காரணம். அரிதாகக் கிடைப்பது மட்டுமே விலையை உயர்த்திவிடாது.

மூன்றாம் வகையில் மெக்சிகோவின் லா பிரென்சா வெளியிட்ட ஸ்பைடர்மேன் வரிசைதான் தலைசிறந்தது. அமெரிக்காவில் 1973-இல் 121-ஆம் இதழில் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி இறந்துபோனாள். மெக்சிகோவிலோ, ஓவியர் ஹோசே லூயிஸ் கொன்சாலெஸ் துரான் வரைந்த புதிய கதைகளில் அவள் உயிரோடு உலவினாள். 128-ஆம் இதழின் அட்டையில் அவளும் ஸ்பைடர்மேனான பீட்டரும் மணக்கோலத்தில் நிற்கிறார்கள். உள்ளே அது கனவுதான். அந்த அட்டைக்காகவே அந்த இதழைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் வகைக்குப் பிரான்சும் ஒரு சான்று. அங்கே இளைஞர் வெளியீடுகளைக் கண்காணிக்கும் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் பதிப்பாளர்களின் கையைக் கட்டிப்போட்டது. லுக் நிறுவனம் 1969-இல் மார்வெல் கதைகளோடு தொடங்கிய ஃபாண்டாஸ்க், தணிக்கைக் குழுவின் நெருக்கடியால் 7 இதழ்களோடு நின்றது. மறு ஆண்டே அந்நிறுவனம் ஸ்ட்ரேஞ்ச் என்ற இதழைத் தொடங்கியது.

வகையோடு பிரதியின் காலமும் தெரிய வேண்டும். டின்டின் நூல்களின் காலத்தைக் கணிக்கப் பின்னட்டையைப் பார்க்க வேண்டும். அங்கே அச்சாகியிருக்கும் தலைப்புகளின் பட்டியலில் கடைசியாக உள்ள நூல் எந்த ஆண்டில் வந்ததோ, அந்தப் பிரதி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. பதிப்பு ஆண்டைச் சொல்லும் பக்கத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். இலவசப் பொருளோடு வந்த இதழ்களுக்கு அந்தப் பொருளும் இருந்தால்தான் முழு மதிப்பு. 1976-இல் பிரிட்டனில் வந்த கேப்டன் பிரிட்டன் முதல் இதழை அதன் காகித முகமூடியோடு சேர்த்தே கேட்பார்கள்.

தமிழில் இரண்டாம் வகையே மிகுதி. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு வெளிவந்தது. 1962-இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தொடராகத் தொடங்கி, ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையில் உருவான அந்தக் கதை தமிழில் முழுநூலாகக் கைக்கு வந்தது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. மாயாவி கதைகள் திரும்பத் திரும்ப மறுபதிப்பானதால், முதல் பதிப்பை அட்டையையும் விலையையும் வைத்துப் பிரித்தறிய வேண்டும். அன்றைய வாசகர்கள் பல இதழ்களைச் சேர்த்து பைண்டிங் செய்துவைத்தார்கள். அப்போது ஓரங்கள் வெட்டுப்பட்டன, பல அட்டைகள் போயின. ஆனாலும் பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் இத்தனை பிரதிகள் பிழைத்திருப்பது அந்த பைண்டிங்கால்தான். ஓரம் வெட்டிய பிரதியைத் தமிழ்ச் சேகரிப்பாளர் தள்ளிவிட வேண்டியதில்லை.

2000-இல் அமெரிக்காவில் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் இதழ்களுக்குத் தரப் புள்ளி வழங்கி பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகிறது. பென்ஸ் பிரதிகளையும் பிற நாட்டுப் பதிப்புகளையும் அது ஏற்கிறது. இணைய ஏலங்கள் வந்தபின் சென்ட், பென்ஸ் பிரதிகளுக்கு இடையிலான விலை வேறுபாடு சுருங்கியுள்ளது.