கேட்க வந்தவர் பகைவர் அல்லர்: மதுரையும் தரங்கம்பாடியும் சொல்லும் பாடம்

 

சில ஆண்டுகளுக்கு முன் பாடவேளை ஒன்றில் மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் அமரும் கிறிஸ்தவ நண்பன், ஈஸா நபியைப் (அலை) பற்றி நாம் என்ன நம்புகிறோம் என்று கேட்டான். சொன்னேன். அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்று நானும் அவனிடம் கேட்கலாமா?" என்றார். "அந்தப் பேச்செல்லாம் நமக்கு வேண்டாம், உட்கார்" என்று அதட்டினோம். அவர் உட்கார்ந்தார். அதன்பின் எதைப் பற்றியுமே அவர் நம்மிடம் கேள்வி கேட்கவில்லை. அந்த மௌனம் நம் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தல்தான் இவ்வரலாற்றை நம்மைத் தேடச் செய்தது.

நாம் வாழும் திருவாதவூருக்குச் சமய உரையாடல் புதிதன்று. இவ்வூரில் பிறந்தவராகக் கருதப்படும் மாணிக்கவாசகர், சிதம்பரத்தில் பௌத்தர்களுடன் வாதிட்டதாகச் சைவ மரபு கூறுகிறது. அவ்வாதம் வெற்றி தோல்விக்கான வாதம். அறிய விரும்புபவரும் அறிவிக்க விரும்புபவரும் பொறுமையுடன் எதிரெதிரே அமர்ந்த நிகழ்வு ஒன்றும் நம் அருகில், மதுரையிலேயே நடந்துள்ளது.

1606ஆம் ஆண்டு இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே அங்குப் பணியாற்றிய போர்த்துகீசியப் பாதிரியாரின் பேச்சுக்கு உள்ளூர் மக்கள் செவிசாய்க்கவில்லை. கிறிஸ்தவம் என்பது பரங்கியரின் வழி என்றே மக்கள் எண்ணினர். டி நொபிலி முதலில் மொழியைக் கற்றார். தமிழுடன் தெலுங்கும் சமஸ்கிருதமும் பயின்றார். அங்கிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் அவரிடம் ஐயங்களை எழுப்பினார். படைப்பு, மறுபிறப்பு முதலியன குறித்து ஏறத்தாழ 20 நாள்கள், நாள்தோறும் பல மணி நேரம் அவ்வுரையாடல் நீடித்தது. முடிவில் அவ்வாசிரியர் கிறிஸ்தவத்தை ஏற்றார். அம்முடிவு நம் நம்பிக்கைக்கு உடன்பாடானதன்று. எனினும் ஒருவருடைய ஐயத்துக்கு 20 நாள்கள் செவிகொடுத்த பொறுமையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் நம் மாணவருக்கு ஒரு நிமிடமும் கொடுக்கவில்லை.

நூறு ஆண்டுகள் கழித்து, 1706இல், டென்மார்க் அரசரின் ஆதரவில் ஜெர்மானியரான சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதித் தமிழ் பயின்றார். இந்துக்களுடனும் முஸ்லிம்களுடனும் உரையாடினார். 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகளைக் கடிதமாக அனுப்பினர். உங்கள் சமயம் என்ன சொல்கிறது, எங்கள் சமயத்தைப் பற்றி நீங்கள் என்ன எண்ணுகிறீர்கள் என்று அவர்கள் கேட்டனர். மறுமொழியாக வந்தவற்றுள் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் அச்சாயின.

அக்கடிதங்களில் கடுமையான விமரிசனமும் இருந்தது. கிறிஸ்தவர்கள் மது அருந்துகிறார்கள், தூய்மை பேணுவதில்லை, அவர்களுடைய நடத்தையே அவர்களுடைய மார்க்கத்தை அணுக விடாமல் தடுக்கிறது என்று தமிழர்கள் வெளிப்படையாக எழுதினர். அவ்விமரிசனம் மறைக்கப்படவில்லை, ஐரோப்பியர் படிக்கும்படி அச்சேறியது. ஆயினும் அந்த நேர்மைக்கு ஓர் எல்லையும் இருந்தது. தமிழர் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713இல் எழுதி முடித்த நூலை ஜெர்மனியிலிருந்த அவருடைய பெரியவர்கள் அச்சிட விரும்பவில்லை. அது 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. பிறரை அறிந்துகொள்ளும் முயற்சிக்குச் சொந்த வீட்டிலிருந்தே தடை வருவதுண்டு. நாமும் அத்தகைய தடையாக ஒருநாள் நின்றோம்.

இப்பண்பை நாம் பிறரிடமிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவத் தூதுக்குழு மதீனாவுக்கு வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தம் பள்ளிவாசலிலேயே வரவேற்றார்கள். தொழுகை நேரம் வந்ததும் அவர்கள் கிழக்கு நோக்கித் தங்கள் வழிபாட்டை அங்கேயே நிறைவேற்றினர். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை என்று இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். ஈஸா நபியைக் குறித்து இரு தரப்பும் பேசின. கருத்து வேறுபாடு நீங்கவில்லை. ஆயினும் அவர்கள் பாதுகாப்பு உடன்படிக்கையுடன் ஊர் திரும்பினர். வேதக்காரர்களுடன் மிக அழகிய முறையில் அன்றி வாதிடலாகாது என்பதே ஸூரத்துல் அன்கபூத்தின் 46ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை.

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது இதுவே. பிள்ளைகள் பிற சமய நண்பரின் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதட்டாதீர்கள். முதலில் நம் நம்பிக்கையைத் தெளிவாகக் கற்றுக்கொடுங்கள். பிறகு நண்பர் சொல்வதை முழுமையாகக் கேட்கவும், ஏளனமின்றி மறுமொழி கூறவும், விடை தெரியாதபோது "எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லவும் பழக்குங்கள். தரங்கம்பாடிக் கடிதங்கள் காட்டுவது போல, நம் சொல்லுக்கு முன்பே நம் நடத்தையை மக்கள் படித்துவிடுகிறார்கள் என்பதையும் உணர்த்துங்கள்.

அந்த மாணவரை அண்மையில் கடைத்தெருவில் சந்தித்தோம். இப்போது இளைஞராகிவிட்டார். "அன்று உன்னைப் பேசவிடாமல் செய்தது எங்கள் தவறு" என்றோம். அவர் புன்னகைத்து, "அப்படியானால் இப்போது கேட்கட்டுமா ஹஜ்ரத்?" என்றார். அருகிலிருந்த தேநீர்க் கடையில் அமர்ந்தோம். அஸர் பாங்கு ஒலிக்கும் வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் அழகிய முறையில் பேசவும் பொறுமையுடன் கேட்கவும் அருள்புரிவானாக. ஆமீன்.