சோயா ஏற்பின்மை

சோயா ஏற்பின்மை என்பது சோயா அவரையையோ அதிலிருந்து செய்யப்படும் உணவுகளையோ உண்டபின் செரிமான மண்டலத்தில் தோன்றும் தொல்லைகளைக் குறிக்கும். இது சோயா ஒவ்வாமையிலிருந்து வேறுபட்டது. ஒவ்வாமையில் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு சோயாப் புரதத்தைப் பகையாகக் கருதி எதிர்வினை புரிகிறது. ஏற்பின்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை.

காரணம்

சோயா அவரையில் ராஃபினோசு, இசுட்டாக்கியோசு ஆகிய சர்க்கரைகள் உள்ளன. இவற்றைச் சிதைக்கும் ஆல்ஃபா-கேலக்டோசிடேசு என்னும் நொதி மனிதரின் சிறுகுடலில் இல்லை. எனவே இவை செரிக்காமல் பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் இவற்றை நொதிக்கச் செய்வதால் வாயு உண்டாகிறது.

அறிகுறிகள்

வயிற்று உப்புசம், வாயுத்தொல்லை, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை முதன்மையான அறிகுறிகள். இவை பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தே தோன்றும். உண்ட அளவைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும்.

ஒவ்வாமையின் அறிகுறிகள்

தோலில் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை ஒவ்வாமையைச் சுட்டுவன. இவை சில நிமிடங்களிலேயே தோன்றலாம். மூச்சுத்திணறலோ மயக்கமோ ஏற்பட்டால் அது உயிருக்கு ஆபத்தான நிலையாகும்; எப்பிநெப்ரின் ஊசியும் உடனடி மருத்துவமனைச் சிகிச்சையும் தேவை. கைக்குழந்தைகளில் சோயா உண்ட 1 முதல் 4 மணி நேரத்தில் கடும் வாந்தியும் சோர்வும் ஏற்படுவது உணவுப் புரதத்தால் தூண்டப்படும் குடலழற்சியாக இருக்கலாம். இதற்கும் உடனடி மருத்துவ உதவி தேவை.

கண்டறிதல்

முதலில் மருத்துவர் தோல் குத்துச் சோதனை, குருதிச் சோதனை ஆகியவற்றால் ஒவ்வாமை இல்லை என்பதை உறுதி செய்கிறார். ஏற்பின்மையை நேரடியாகக் காட்டும் சோதனை இல்லை. சோயாவைச் சில வாரங்கள் விலக்கி, பின்னர் சிறிது சிறிதாகச் சேர்த்து, உணவுக் குறிப்பேட்டில் விளைவைப் பதிவதே வழக்கமான முறையாகும். ஒவ்வாமை ஐயம் உள்ளவர்கள் மீண்டும் உண்டு பார்க்கும் சோதனையை வீட்டில் செய்தல் கூடாது.

உணவு முறை

ஏற்பின்மை உள்ளவர்கள் பலர் சிறிதளவு சோயாவைத் தாங்கிக்கொள்வர். முழு அவரையை ஊறவைத்து, அந்நீரை வடித்து, புதுநீரில் வேகவைத்தால் இச்சர்க்கரைகள் குறைகின்றன. டோஃபு செய்யும்போது பிரியும் நீருடன் இவற்றின் ஒரு பகுதி வெளியேறுகிறது. தெம்பேயில் நொதித்தலால் குறைகின்றன. கொழுப்பு நீக்கிய சோயா மாவிலிருந்து செய்யப்படும் சோயா உருண்டைகளில் (மீல் மேக்கர்) இவை எஞ்சியிருக்கும். கொண்டைக்கடலை, மொச்சை முதலிய பிற பயறுகளிலும் இவை உள்ளதால், சோயாவை மட்டும் விலக்கினால் தொல்லை தீராமலும் போகலாம்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இம்முறைகள் பாதுகாப்பளிப்பதில்லை. நொதித்த சோயா சாசும் அவர்களுக்குத் தீங்கு விளைவிக்கலாம்.

பசும்பாலுக்கு மாற்றாகச் சோயாப்பால் அருந்துவோர் அதனை நிறுத்தும்போது கால்சியத்தையும் புரதத்தையும் கேழ்வரகு, கீரை, முட்டை, மீன் போன்றவற்றிலிருந்து பெறலாம். குழந்தைகளின் பால்மாவை மருத்துவரின் அறிவுரையின்றி மாற்றலாகாது.

பொட்டலக் குறிப்புகள்

ரொட்டி, பிசுக்கட்டு, சாக்கலேட்டு ஆகியவற்றில் சோயா மாவோ சோயா லெசித்தினோ சேர்க்கப்படுவதுண்டு. லெசித்தின் 322 என்ற எண்ணாலும் குறிக்கப்படும். ஐக்கிய அமெரிக்காவில் 2004 ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் 2020 ஆம் ஆண்டு உணவுக் குறிப்புச்சீட்டு விதிமுறைகளும் சோயாவை அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருளாகக் கொள்கின்றன.

இவற்றையும் பார்க்க

உணவு ஒவ்வாமை
இலாக்டோசு ஏற்பின்மை
சோயா அவரை