விஞ்ஞானியும் வேலைநிறுத்தமும்: பிரித்தானிய அரசாங்க விஞ்ஞானிகளின் அனுபவம்

விஞ்ஞானி தொழிலாளியா என்னும் கேள்வியை வெறும் ஏட்டுச் சுரைக்காய் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் பிரித்தானிய அரசாங்க ஆய்வுகூடங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, அங்குள்ளோர் தம்மை யாரெனக் கருதினரோ அதற்கியையவே அவர்தம் சங்கம் உருப்பெற்றது என்பதும், சங்கம் உருப்பெற்றவாற்றுக்கு இயையவே அவர்தம் சம்பளம் நிர்ணயமாயிற்று என்பதும் புலனாகும். இக்கட்டுரையில் நாம் அவ்வரலாற்றின் சில கட்டங்களை மாத்திரம் எடுத்து நோக்குவோம்.

முதலாம் உலகப் போர் விஞ்ஞானிகளுக்கு ஒருங்கே இரு பாடங்களைக் கற்பித்தது. ஜேர்மனியிலிருந்து வந்த சாயப்பொருள்களும் ஒளியியற் கண்ணாடியும் தடைப்பட்டபோது, தாமின்றி அரசு போர் நடத்தவியலாது என்பதை அவர்கள் கண்டனர். போர்க்கால விலையேற்றத்தின்போது, பொறித் தொழிலாளருக்காகப் பேச அவர்தம் சங்கங்கள் இருக்க, தமக்காகப் பேச எவருமில்லை என்பதையும் கண்டனர். கேம்பிறிட்ஜில் 1917 இல் தொடங்கிய ஆலோசனைகள் 1918 இல் 'தேசிய விஞ்ஞானத் தொழிலாளர் யூனியன்' ஆக முடிந்தன. ரெடிங்ரனிலிருந்த தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் அக்காலத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் ஹைமன் லெவி இதில் முனைந்து ஈடுபட்டார். பின்னர் நொபெல் பரிசு பெற்ற பிரெடரிக் சொடி போன்றோரும் இதற்கு ஆதரவு நல்கினர். 'தொழிலாளர்', 'யூனியன்' ஆகிய இரு சொற்களையும் படித்த வர்க்கத்தினர் தாமே விரும்பித் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டமை அன்றைய இங்கிலாந்தில் சிறு துணிவன்று.

அத்துணிவு ஒன்பதாண்டுகளே நீடித்தது. 1926 மே மாதத்துப் பொது வேலைநிறுத்தம் தோல்வியுற்றதன் பின், 1927 இல் நிறைவேறிய தொழிற்தகராறுகள், தொழிற்சங்கங்கள் சட்டம், வெளியாரையும் உறுப்பினராகக் கொண்ட தொழிற்சங்கங்களில் அரசாங்க ஊழியர் சேர்வதைத் தடை செய்தது. அவ்வாண்டிலேயே விஞ்ஞானிகளின் அமைப்பு தொழிற்சங்கப் பதிவைக் கைவிட்டு, 'விஞ்ஞானத் தொழிலாளர் கழகம்' எனப் பெயர் மாறிற்று. சட்டத்தின் நெருக்குதல் மெய்யானதே. எனினும் சங்கம் என்ற பெயருக்குக் கூசி ஒதுங்கி நின்ற பேராசிரியர்களை ஈர்க்கும் ஆசையும் இம்மாற்றத்திற் கலந்திருந்தது என்பதே எமது கருத்து. பேராசிரியர்கள் பெருந்தொகையில் வந்து சேரவுமில்லை.

1930களில் ஜே. டி. பேணல், டபிள்யூ. ஏ. வூஸ்ரர் முதலிய கேம்பிறிட்ஜ் இடதுசாரிகளால் இக்கழகம் புத்துயிர் பெற்றமையும், 1940 இல் மீண்டும் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப்பட்டமையும், 1942 இல் தொழிற்சங்கக் காங்கிரசில் இணைந்தமையும், பிளக்கெற் அதன் தலைவராக விளங்கியமையும் எமது வாசகர் பலர் அறிந்தவை. பேணலின் பெயர் காரணமாக விஞ்ஞானிகளின் இயக்கம் என்றதும் நாம் இக்கழகத்தையே நினைக்கிறோம். ஆனால் அரசாங்க விஞ்ஞானியின் சம்பளம் அங்கே பேசப்படவில்லை. அது பேசப்பட்ட இடம் வேறு.

அவ்விடம், 1919 இல் தோன்றிய 'உயர்தொழில் அரசாங்க ஊழியர் நிறுவனம்' ஆகும். அரசாங்க சேவையில் அவ்வாண்டு ஏற்படுத்தப்பட்ட விற்லி சபைகளில், அதாவது நிருவாகமும் ஊழியரும் ஒரே மேசையில் அமரும் கூட்டுச் சபைகளில், நிபுணர்களுக்கும் ஓர் ஆசனம் வேண்டும் என்பதற்காக எழுந்தது அது. 'நிறுவனம்' என்ற பெயர், பொறியியலாளரின் கல்விசார் அமைப்புகளை நினைவூட்டும் பெயர். யூனியன் என்ற சொல்லையே அது அண்டவிடவில்லை. கோரிக்கை, மனு, பேச்சுவார்த்தை, நடுத்தீர்ப்பு என்பனவே அதன் கருவிகள். எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருந்தது திறைசேரி. திறைசேரியின் கைப்பிடி எத்தகையது என்பதை இந்நாட்டு வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இம்முறைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது 1953 இல் அமைந்து 1955 இல் அறிக்கையிட்ட பிறீஸ்லி ஆணைக்குழு. அதன் தலைவரான சேர் றேமன்ட் பிறீஸ்லி, ஷாக்கிள்ரனுடனும் ஸ்கொற்றின் இறுதிப் பயணக் குழுவிலும் அந்தாட்டிக்கா சென்ற புவிச்சரிதவியலாளர். விஞ்ஞானியின் சம்பளத்துக்கு அளவுகோல் வகுத்தவரும் ஒரு விஞ்ஞானியே. ஆணைக்குழு கண்ட தத்துவம் 'நியாயமான ஒப்பீடு': வெளியே ஒத்த வேலை செய்வோர் பெறுவதையே அரசாங்க ஊழியரும் பெறுதல் வேண்டும். ஒப்பிட்டுத் தகவல் திரட்டுவதற்கு 1956 இல் சம்பள ஆராய்ச்சிப் பிரிவு நிறுவப்பட்டது.

இலிகிதருக்கு இது பொருந்தியது. வங்கியிலும் காப்புறுதிக் கம்பனியிலும் இலிகிதர் உளர். வானிலை முன்னறிவிப்பவருக்கு ஒப்பாக எந்தக் கம்பனியில் எவரைத் தேடுவது? வானாய்வு நிலையத்து வானியலாளருக்கு ஒப்பானவர் யார்? நாட்டின் நிலப்படையைப் படமாக்கும் புவிச்சரிதவியலாளருக்கு யார்? நாடு முழுவதற்கும் ஒருவரே செய்யும் வேலைக்கு ஒப்பீடு கிடையாது. ஆகவே ஒப்பீட்டுக்கு எவரைத் தெரிவது என்பதே பேரத்தின் பொருளாயிற்று. பணவீக்கம் பெருகிய 1970களில் இப்பேரம் முன்னிலும் கசப்புற்றது. 1976 இல் நிறுவனம் தொழிற்சங்கக் காங்கிரசில் சேர்ந்தமை இக்கசப்பின் விளைவு எனக் கொள்ளலாம். 1927 ஆம் ஆண்டுச் சட்டம் 1946 இலேயே நீக்கப்பட்டுவிட்டதாதலால், இடைப்பட்ட முப்பது ஆண்டுகளின் தாமதத்துக்குச் சட்டத்தைக் காரணங் காட்டல் இயலாது.

1980 இல் தச்சர் அரசாங்கம் சம்பள ஆராய்ச்சி ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமாக நிறுத்திற்று. அளவுகோல் பிழையானது என்று வாதிட்டுக்கொண்டிருந்தோர், அளவுகோலே இல்லாமற் போனதைக் கண்டனர். ஒன்பது சங்கங்கள் கூடி 15 வீத உயர்வு கோரின. அரசாங்கம் 7 வீதத்துக்கு மேற் செல்ல மறுத்தது. 1981 மார்ச் 9 ஆம் நாள் ஒருநாள் வேலைநிறுத்தத்துடன் தொடங்கிய போராட்டம் 21 வாரம் நீடித்தது.

அப்போராட்டத்தின் உத்தி ஆழ்ந்து நோக்கற்பாலது. எல்லோரும் எப்பொழுதும் வேலையை நிறுத்தவில்லை. வருமான வரியும் பெறுமதி சேர் வரியும் சேரும் கணினி நிலையங்கள், பாதுகாப்புத்துறை நிலையங்கள் முதலிய இடங்களில் மாத்திரம் ஊழியர் தொடர்ந்து வெளியேறினர். ஏனையோர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தண்டி அவர்களைத் தாங்கினர். விஞ்ஞானிக்கு இது கசப்பானதொரு கணக்கைக் காட்டியது. பாறை மாதிரி ஆய்வாளர் மூன்று மாதம் வீட்டிலிருந்தால் அமைச்சர் அறியார். கணினி இயக்குநர் மூன்று நாள் வராவிடில் திறைசேரி அறியும். விஞ்ஞானியின் உழைப்பு நாளைய நாளுக்கானது. வேலைநிறுத்தமோ இன்றைய நாளை நிறுத்துவது. அறுபது ஆண்டுகள் தன்னைச் சாதாரண ஊழியரினின்று வேறுபடுத்திக் காட்ட முயன்ற நிறுவனம், தன் உறுப்பினரின் சம்பளத்துக்காக அந்த ஊழியரின் கையையே பற்ற வேண்டியதாயிற்று.

யூலை முடிவில் 7 வீதமும் தலைக்கு 30 பவுணும் பெற்றுப் போராட்டம் முடிந்தது. ஏறத்தாழ இதே அளவிற் சில வாரங்களுக்கு முன்பே தீர்வு காணலாம் என வாதிட்ட அமைச்சர் சோம்ஸ் பிரபு செப்டெம்பரிற் பதவியிழந்தார். சங்கங்களுக்குக் கிடைத்தது மெகோ விசாரணைக்குழு. 1982 இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஒப்பீட்டினும் ஆட்சேர்ப்புக்கும் ஆளைத் தக்கவைத்தலுக்கும் எவ்வளவு போதுமோ அதற்கே முதன்மை தந்தது. நியாயமான சம்பளம் எது என்ற கேள்வி, ஆள் கிடைக்கும் மிகக் குறைந்த விலை எது என்ற கேள்வியாக மாறிற்று.

செல்ரனாமில் உள்ள அரசாங்கத் தொடர்பாடல் தலைமையகமும் 1981 இற் போராட்டத்துக்குட்பட்ட நிலையங்களுள் ஒன்று. 1984 சனவரியில் அரசாங்கம் அங்கே தொழிற்சங்கங்களைத் தடை செய்து, உரிமையைக் கைவிடும் ஒவ்வொருவருக்கும் 1,000 பவுண் வழங்க முன்வந்தது. மறுத்து நின்ற 14 பேர் பின்னர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அவ்வுரிமை 1997 இல் மீட்கப்பட்டது. அதற்குள் ஆய்வுகூடங்களே கைமாறத் தொடங்கியிருந்தன: லெவி பணியாற்றிய தேசிய பௌதிக ஆய்வுகூடத்தை நடத்தும் பொறுப்பு 1995 இல் ஒரு தனியார் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது, அரசாங்க இரசாயனவியலாளரின் ஆய்வுகூடம் 1996 இல் விற்கப்பட்டது.